முதல் போடுவது யார்? செட்டிநாட்டில் புத்தகம் போட நினைப்பவருக்கு முன்னால் உள்ள வழிகள்

எழுதி முடித்த பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் நிறையப் பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஊர் வரலாறு எழுதி வைத்திருப்பார். கைப்பக்குவத்துக்குப் பேர்போன ஆச்சி ஒருவர் பலகாரங்களுக்கு அளவு குறித்தே நான்கைந்து நோட்டை நிரப்பியிருப்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் பெண் விடுமுறைக்கு வரும்போது ஒரு நாவலோடு வருவார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பதிப்பகத்துல கொடுக்கலாம்?"

மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் வடிவமைப்பதும் என் பிழைப்பு என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். நான் முதலில் திருப்பிக் கேட்பது, "முதல் யார் போடுறது?" என்று. வட்டிக்கடையும் கிட்டங்கியும் (நகரத்தார் வெளியூரில் தங்கி வியாபாரம் செய்த கூடம்) பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் போட்டவருக்கு லாபத்தில் பங்கு, வேலை செய்தவருக்குச் சம்பளம். கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன ஊர்களில் எல்லாம் இந்தக் கணக்கில் பிசகாத குடும்பத்துப் பிள்ளைகள், புத்தகம் என்று வந்தவுடன் அதை மறந்துவிடுகிறார்கள். தாங்களே பணத்தையும் கொடுத்து, உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அட்டையில் பெயர் வந்ததே போதும் என்று திரும்பி வருகிறார்கள்.

இன்று இருக்கும் வழிகளை இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடப் போகிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை. பதிப்புத் தொழில் ஒருவகையில் நம் பக்கத்துத் தொழில். இராயவரத்தில் பிறந்த வை. கோவிந்தன் 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கி, சக்தி காரியாலயம் வழியாக மலிவுப் பதிப்புகளைக் கொண்டுவந்தார். 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தவர் அவர். பாரதிதாசனைப் பதிப்பித்த முல்லை முத்தையா, தமிழ்ப்பண்ணை நடத்திய சின்ன அண்ணாமலை, வானதி திருநாவுக்கரசு என்று தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போய்ப் பதிப்பகம் வைத்தவர்களின் வரிசை பெரிது. எழுத்தாளரும் பத்திரிகையாளருமான தமிழ்வாணனும் தேவகோட்டைக்காரர்தான். இவர்கள் காலத்தில் ஏற்பாடு தெளிவாக இருந்தது. காகிதம், அச்சு, கட்டு, விற்பனை எல்லாம் பதிப்பாளர் முதல். எழுத்தாளர் எழுதினால் போதும். புத்தகம் போகவில்லை என்றால் கட்டுக்கட்டாகத் தேங்கிக் கிடப்பது பதிப்பாளர் வீட்டில்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சிறு தொகையைக் கொடுத்து உரிமையை மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருந்தது. எத்தனை அச்சிட்டார்கள், எத்தனை விற்றது என்பது பதிப்பாளர் சொன்னால்தான் தெரியும். ஆனாலும் நட்டம் வந்தால் அவருக்கு என்பதால் அவர் உரிமை கேட்பதில் ஒரு நியாயம் இருந்தது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது டிஜிட்டல் அச்சு. ஆஃப்செட்டில் பிளேட் போட்டு ஓட்டினால் ஆயிரம் பிரதியாவது அடித்தால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டலில் ஐம்பது, நூறு என்று அடிக்கலாம். தீர்ந்தால் இன்னொரு ஐம்பது. பதிப்பாளர் முடக்க வேண்டிய பணம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அவர் கேட்கும் உரிமை மட்டும் சுருங்கவில்லை. நூறு பிரதி அடிக்கிறவரும், ஆயிரம் அடித்தவர் கேட்டதையே கேட்கிறார்: அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா, எல்லாம், எக்காலத்துக்கும். எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் இடையே இன்று ஓடும் மனவருத்தத்தில் பாதி இங்கே பிறக்கிறது என்பது என் எண்ணம்.

பதிப்பாளர் தன் பணத்தில் போடுவது

கிடைத்தால் இதுதான் நல்ல வழி, அதுவும் கதை, கவிதை, நாவல் எழுதுகிறவர்களுக்கு. நல்ல பதிப்பகம் கொடுப்பது பணம் மட்டுமில்லை. பிரதியைப் படித்து, மூன்றாவது அத்தியாயம் தேவையா என்று கேட்க ஓர் ஆள் இருப்பார். சென்னைப் புத்தகக் காட்சியில் கடை இருக்கும். மாவட்டம்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களுக்கு வண்டி போகும். விமர்சகர் மேசைக்கும் விருதுக் குழுவுக்கும் பிரதி போய்ச் சேரும். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணைக்கு முறைப்படி விண்ணப்பிப்பார்கள். இதையெல்லாம் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு தனி ஆளாகச் செய்ய முடியாது.

ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: அட்டை விலையில் பத்தா, பதிப்பாளர் கைக்கு வரும் தொகையில் பத்தா? கடைக்காரர் கழிவு முப்பது, நாற்பது சதவீதம் போன பிறகு மிஞ்சுவதில் பத்து என்றால் உங்கள் பங்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்துவிடும். ஒப்பந்தத்தில் 'அட்டை விலையில்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தால்தானே என்று கேட்பீர்கள். தமிழில் இன்றும் பல புத்தகங்கள் வாய்ச்சொல்லில்தான் வருகின்றன. "நமக்குள்ள எதுக்கு அண்ணே பேப்பர்?" என்று சொல்லும்போது சுகமாகத்தான் இருக்கும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுத்தாளருக்கு ரொம்பவே சாதகமானது. ஆனால் அதைப் படித்தவர்கள் குறைவு. உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, ராயல்டி எவ்வளவு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆண்டு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத பட்சத்தில், அது காலாவதியாகி எழுதியவரிடமே திரும்பிவிடும். அதனால்தான் வாய்ச்சொல்லாகக் கொடுத்தவர்கள் பலர், தாங்கள் நினைப்பதைவிடப் பத்திரமான நிலையில் இருக்கிறார்கள். மாட்டிக்கொள்வது, படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

உரிமைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் ஊர் வரலாறே சாட்சி. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை அச்சு உரிமையிலிருந்து பிரிந்து, கைமாறிக் கைமாறி, காரைக்குடிக்காரரான ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்திருந்தது. 1949இல் அரசு பாரதி படைப்புகளைப் பொதுச்சொத்தாக்க முன்வந்தபோது அவர் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். எல்லோருக்கும் மெய்யப்பர் கிடைக்க மாட்டார். அச்சு உரிமையை ஐந்து ஆண்டுக்குக் கொடுங்கள். மின்நூலை அவர்கள் உண்மையிலேயே கொண்டுவருவார்கள் என்றால் அதையும் கொடுங்கள். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமையெல்லாம் உங்களிடமே இருக்கட்டும். "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்று பதில் வந்தால், "சரி, எனக்கு இந்த மூணு வரியை மட்டும் அடிச்சுத் தாங்க" என்று கேட்பதில் தப்பில்லை. கேட்டதற்காகப் பிரதியைத் திருப்பிக் கொடுத்த நல்ல பதிப்பாளரை நான் பார்த்ததில்லை.

இந்த வழியின் குறை காத்திருப்பு. பதில் வரவே மாதக்கணக்காகும், ஏற்ற பிறகு வெளிவர ஓராண்டும் ஆகலாம். இன்னொரு குறை கணக்கு. வருடத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு அனுப்பும் பதிப்பகங்கள் இருக்கின்றன. "ராயல்டிக்குப் பதிலா புத்தகமா எடுத்துக்கங்களேன்" என்று சொல்லும் பதிப்பகங்களும் இருக்கின்றன. பிரதியைக் கொடுப்பதற்கு முன், அந்தப் பதிப்பகத்தில் ஏற்கெனவே புத்தகம் போட்ட இரண்டு பேரிடம் போனில் கேளுங்கள். புத்தகம் நன்றாக வந்ததா என்பது கடையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். கணக்கு வந்ததா என்று கேளுங்கள்.

உங்கள் பணம், அவர்கள் பெயர்

இது மெல்ல மெல்லப் பரவி, இப்போது பலருக்கு இதுதான் பதிப்பு என்றே ஆகிவிட்டது. பல பெயரில் வரும்: 'கூட்டு வெளியீடு', 'ஆசிரியர் பங்களிப்பு', 'பேக்கேஜ்'. நேரடியாகப் பணம் கேட்காமல், "நூறு பிரதி நீங்க எடுத்துக்கிட்டாப் போதும்" என்று வருவதும் இதே சரக்குதான். நீங்கள் வாங்கும் அந்த நூறிலேயே அச்சுச் செலவு மொத்தமும் வந்துவிடும். பிறகு அந்தப் புத்தகத்தை விற்க அவருக்கு அவசரம் ஏது?

நான் இதை வேண்டாம் என்றுதான் சொல்வேன். பணம் கொடுப்பது கேவலம் என்பதால் இல்லை. முதல் உங்களுடையது என்றால் புத்தகமும் கையிருப்பும் உரிமையும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அவருக்குச் சேரவேண்டியது வேலைக்கான கூலி. இந்த ஏற்பாட்டில் அது தலைகீழாக இருக்கிறது.

அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் ஆய்வு செய்யும் பிள்ளைகள் இதில் அதிகம் விழுகிறார்கள். நேர்காணலுக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணோடு (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) ஒரு புத்தகம் காட்ட வேண்டும், அவசரம், யாரோ ஒருவர் பத்து நாளில் போட்டுத் தருகிறேன் என்கிறார். அந்த எண்ணுக்குத்தான் பணம் என்று நினைத்துக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதைக் கொடுக்கிறது. தனி எழுத்தாளரும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமையைப் பதிவு செய்து தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களும் உண்டு. எழுதிய உடனேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் ஐந்நூறு ரூபாய்தான்.

ஒரு விலக்கு சொல்ல வேண்டும். சென்னையின் நோஷன் பிரஸ், பெங்களூரின் போத்தி போன்றவை தங்களைச் சுயபதிப்புத் தளம் என்று சொல்லிக்கொண்டே இயங்குகின்றன. வடிவமைப்புக்கு இவ்வளவு, திருத்தத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து, ஆர்டர் வர வர அச்சிட்டு அனுப்புகிற முறை. கடைவீதியில் உங்கள் புத்தகம் காணக் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் அதில் ஏமாற்றம் இல்லை.

நீங்களே பதிப்பாளர்

1919 நவம்பரில் பாரதி காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டு, தம் எழுத்துகளை நாற்பது நூலாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிடப் போவதாகத் திட்டம் போட்டு, நண்பர்களிடம் கடனாகப் பணம் கேட்டு அறிக்கை அனுப்பினார். பணம் வரவில்லை. திட்டம் தப்பு என்று சொல்ல முடியாது, அளவுதான் தப்பு. இன்றைக்கு நூறு பிரதியில் தொடங்கலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டெமி அளவு, 208 பக்கம், விலை 250 ரூபாய், 300 பிரதி. பக்க எண்ணிக்கையைப் பதினாறின் மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். 208 என்றால் சரியாகப் பதிமூன்று பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பதினாறு பக்கம் ஒரு பாரம்), அச்சுக்கூடத்தில் தாள் வீணாகாது. பிரதிக்கு அச்சும் கட்டும் சேர்த்து 90 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். உங்கள் அச்சகம் சொல்லும் தொகையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். மொத்தம் 27,000. கடைக்கு 35 சதவீதக் கழிவில் கொடுத்தால் பிரதிக்கு 162 ரூபாய் 50 காசு கைக்கு வரும். 167 பிரதி விற்றால் முதல் திரும்பும். நேரடியாக வாசகருக்கே விற்றால் 108 பிரதியில் முதல் வந்துவிடும். பாதி கடையில், பாதி நேரடியாக என்று 300ம் போனால் 34,875 ரூபாய் மிச்சம். இதே புத்தகத்துக்குப் பதிப்பகத்தில் பத்து சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 25 ரூபாய். அந்த மிச்சத்தை ராயல்டியாகப் பார்க்கக் கிட்டத்தட்ட 1,400 பிரதி விற்க வேண்டும்.

படிக்கத் தித்திக்கும். ஆனால் இந்தக் கணக்கில் தட்டச்சு, அட்டை ஓவியம், மெய்ப்பு எதுவும் சேரவில்லை (மெய்ப்புக்காரனாகச் சொல்கிறேன், அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்). கடைக்காரரிடமிருந்து பணம் வசூலிக்கும் பாடும் சேரவில்லை. கடைக்குக் கொடுத்த புத்தகத்துக்குப் பணம் ஆறு மாதம் கழித்து வரும், அதுவும் நாலு தடவை கேட்டால். விற்பது ஒரு தொழில். எழுதுகிற எல்லோருக்கும் அது வராது. வராதென்று தெரிந்தால் இந்த வழிக்கு வரவே வேண்டாம்.

வருமென்றால் செட்டிநாட்டுக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. உங்கள் வாசகர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். ஊர் வரலாறு என்றால் அந்த ஊர்ப் புள்ளிகள் (குடும்பத்தார்) சென்னையில், மதுரையில், சிங்கப்பூரில், கோலாலம்பூரில் இருக்கிறார்கள். ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன்பே முன்பதிவு வாங்குங்கள். இது புதிய உத்தி ஒன்றும் கிடையாது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டதே முன்கூட்டிக் கையொப்பம் செய்தவர்களின் பணத்தை நம்பித்தான். நூறு பேர் ஜி.பே.யில் பணம் அனுப்பிவிட்டால் நூற்றைம்பது அடியுங்கள். அனுப்பவில்லை என்றால் அடிக்க வேண்டாம், அந்தத் தகவலே பெரிய லாபம்.

அஞ்சல் செலவு சுயபதிப்பாளரின் தலைவலி. 2025 மே மாதம் அஞ்சல்துறை 'ஞான் போஸ்ட்' என்று புத்தகங்களுக்கென ஒரு சேவை தொடங்கியிருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. மெதுவாகத்தான் போகும், ஆனால் எங்கே போகிறது என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். புத்தகத்தில் பதிப்பாளர் அல்லது அச்சிட்டவர் பெயர் அச்சாகியிருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. ஆகவே கடைசிப் பக்கத்தில் மைத்துனர் நகைக்கடை விளம்பரத்தைப் போட்டு அச்சுச் செலவை ஈடுகட்டலாம் என்ற யோசனை இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள்.

பதிப்பாளர் என்ற பெயர் வந்தவுடன் அதற்கான கடமையும் உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், ஐம்பது ஆண்டு கழித்து உங்கள் ஊரைப் பற்றித் தேடுகிறவருக்கு அங்கேதான் பிரதி கிடைக்கும்.

விழா வெளியீடு

வெளியூர்க்காரர்கள் இதை ஒரு வழியாகவே கணக்கில் எடுக்க மாட்டார்கள். நம் பக்கத்தில் மணிவிழாவுக்கோ சதாபிஷேகத்துக்கோ வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஒரு புத்தகம் கொடுப்பது பழக்கம். பெரும்பாலும் தோத்திரத் திரட்டு. சில வீடுகளில் குடும்ப வரலாறு, சமையல், கோயில் பற்றிய நூல். செலவு முழுவதும் விழா வீட்டுக்காரர். விற்பனை என்ற பேச்சே இல்லை. ஆயிரம் பிரதி ஒரே நாளில் ஆயிரம் வீட்டுக்குப் போய்விடும். எந்தப் பதிப்பகத்தாலும் இது முடியாது.

சமையல் நோட்டு வைத்திருக்கும் ஆச்சிக்கு நான் சொல்லும் முதல் வழி இதுதான். உறவில் யாருக்காவது அடுத்த ஆண்டு அறுபது வருகிறதா என்று பாருங்கள். ஆயிரம் பிரதி அவர்கள் செலவில். அதே அச்சில் கூடுதலாக முந்நூறு உங்கள் செலவில், விலை போட்டு. பாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் கூடுதல் பிரதிக்குத் தாளும் கட்டும்தான் பெரும்பாலும் செலவு. விழாவுக்கு வந்தவர் வீட்டில் அதைப் பார்த்துச் சமைத்துவிட்டு, மகளுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று என்று கேட்டு வருவார்கள்.

கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது உரிமை. பணம் போட்டது விழா வீடு என்றாலும், இது நட்டத்துக்குத் துணிந்து போட்ட வியாபார முதல் இல்லை, அன்பளிப்பு. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது: நீங்கள் அவர்களிடம் சம்பளத்துக்கு எழுதும் ஊழியராக இல்லாத வரை, வேறு ஒப்பந்தம் எதுவும் போடாத வரை, எழுத்தின் முதல் உரிமையாளர் எழுதியவரே. அதை முகப்புக்குப் பின்பக்கத்தில் ஒரு வரியில் அச்சிட்டுவிட்டால் பின்னால் பங்காளிப் பேச்சு வராது. இரண்டாவது திருத்தம். விழாத் தேதி நெருங்க நெருங்க மெய்ப்பை ஒரே இரவில் முடிக்கச் சொல்வார்கள். ஒரு தேக்கரண்டி உப்பு ஒரு கரண்டி உப்பாக அச்சாகி ஆயிரம் வீட்டுக்குப் போனால் அந்த ஆச்சியின் கைப்பக்குவம் என்னாகும்?

விலையில்லாப் புத்தகங்கள் ஆவணத்தில் ஏறாமல் மறைந்துபோகும் ஆபத்தும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா, அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் வரை எதையும் விடாமல் சேர்த்து வைத்தார். அவருடைய சேகரிப்பு 1994இலிருந்து சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கிறது. விழாப் பிரதி ஒன்றை அங்கே அனுப்பிவையுங்கள்.

மின்நூலும் செயலியும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். அமேசான் கிண்டிலில் 2016 கடைசியிலிருந்து தமிழ் இருக்கிறது. முதல் தேவையில்லை. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம்; இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால், தொண்ணூறு நாள் தவணைகளாக மின்வடிவை வேறெங்கும் வெளியிடாமல் அவர்களிடம் மட்டும் வைத்திருக்க ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தா வாசகர்கள் படித்த பக்கங்களுக்கும் பணம் வரும். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களை எட்ட இது வசதி. பிரதிலிபி போன்ற செயலிகளில் தொடர்கதையாக எழுதுகிறவர்களுக்கு, முக்கியமாகக் குடும்பக் கதை எழுதும் பெண்களுக்கு, அத்தியாயம் போட்ட அன்றே வாசகர் வந்து சண்டை பிடிப்பார். எந்தப் பதிப்பகமும் அந்தச் சூட்டைத் தர முடியாது. அச்சுப் பதிப்பாளர்களும் இப்போது அங்கே யாருக்குக் கூட்டம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தேடி வருகிறார்கள். அப்படி வரும்போது பேரம் பேசும் பலம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஊர் வரலாறு, கோயில் வரலாறு, சமையல் ஆகியவற்றுக்கு மின்நூல் இரண்டாவது வடிவமாக இருக்கட்டும். அந்த வாசகர்களில் பெரும்பாலோர் புரட்டிப் பார்க்கத் தாள் கேட்பவர்கள்.

ஆக, யாருக்கு எது?

தலைமையாசிரியர் முன்பதிவு வாங்கித் தாமே போடட்டும். அவர் புத்தகத்தின் வாசகர் நானூறு பேர், அந்த நானூறு பேரின் போன் எண்ணும் அவரிடம் இருக்கிறது. சென்னைப் பதிப்பகத்துக்கு அந்த நானூறு பேரைத் தெரியாது, இவருக்கு அவர்களைத் தவிர வேறு யாரும் தேவையில்லை. காரைக்குடிப் புத்தகத் திருவிழாவில் யாராவது ஒரு கடைக்காரரிடம் சொல்லி ஐம்பது பிரதி வைத்தால் போதும்.

ஆச்சிக்கு விழா வெளியீடு. அது நன்றாகப் போய், இரண்டாம் பதிப்புக்குப் பெரிய பதிப்பகம் வந்து கேட்டால் அச்சு உரிமையை மட்டும் கொடுக்கலாம். செட்டிநாட்டுச் சமையல் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் கிராக்கி உண்டு. அந்த உரிமையை அவர் பேத்தி பார்த்துக்கொள்ளட்டும்.

ஆய்வு மாணவருக்கு அவசரம் என்றால், நல்ல ஆய்விதழில் கட்டுரையாக அனுப்பிவிட்டுப் புத்தகத்தைத் தள்ளிப் போடுவது நல்லது.

நாவல் எழுதிய பெண்தான் கடினமான இடத்தில் இருக்கிறார். அவருடைய வாசகர் யாரென்று அவருக்கே தெரியாது, கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பதிப்பாளர் வேண்டும், நல்ல எடிட்டர் வேண்டும். காத்திருக்கச் சொல்கிறேன். மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பலாம், ஒரே சமயத்தில் அனுப்புவதாக அவர்களிடம் சொல்லிவிட்டே அனுப்பலாம். ஓராண்டில் மூன்றும் மறுத்தால், பணம் கேட்கும் நான்காவது இடத்துக்குப் போகாமல் கிண்டிலில் போட்டுவிட்டு அடுத்த நாவலை எழுதத் தொடங்கட்டும்.

பதிப்பகத்துக்கு அனுப்ப முடிவு செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியைக் குறிவைத்துத்தான் பெரும்பாலான பதிப்பகங்கள் வேலை செய்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் போய் நின்றால் உங்கள் பிரதியைப் பிரித்துப் பார்க்கவும் ஆள் இருக்காது. தை முடிந்து அவர்கள் மூச்சு விடும் மாசி, பங்குனியில் அனுப்புங்கள். தாளில் கொடுத்தாலும் ஒரு நகலை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். என்றைக்குக் கொடுத்தீர்கள் என்பதற்கு அந்தத் தேதி சாட்சி.